ஜாடிக்குள் தெரிந்த கை

"மேடம், இங்க நான் வாந்தி எடுத்தா அதையும் ஒரு ஜாடியில ஊத்தி, மூடி, பேர் எழுதி அலமாரியில வெச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"அப்போ எடுக்காதே" என்றார் வக்கீலம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சோடா கைக்குட்டையை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட நாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே வேறு யாரையோ என்று நினைத்துக்கொள்வான். வக்கீலம்மாவும் இப்போது வக்கீல் இல்லை. கோர்ட்டில் பொய் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அது பிறக்கிற இடத்திலேயே போய்ப் பிடித்துவிடலாம் என்று துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். கறுப்பு அங்கி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவர்கள் நின்றிருந்த கூடத்தில் உயிருள்ளவை மூன்றுதான். மற்றவையெல்லாம் ஜாடிக்குள் இருந்தன. வயிற்றைக் கீறி நான்கு காலையும் விரித்து ஊசி குத்திய தவளைகள். சுருட்டி அடைத்த பாம்புகள். பிறக்காமலே செத்துப்போன ஆட்டுக்குட்டி ஒன்று, கண் திறக்காமல், தோல் வெளுத்து, யாரோ கசக்கிப் போட்ட ஈரத்துணி மாதிரி. கல்லூரிகளுக்குப் பாடம் நடத்த இந்த உருப்படிகளைப் பதப்படுத்திக் கொடுக்கிற பட்டறை அது. ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது, தொண்டைக்குள் இறங்கி அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

"எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு சார்" என்றாள் மூன்றாவது ஆள். "ஒரு வாரத்துல பழகிடும்."

"ஒரு வாரமா? எனக்கு இன்னும் ஒரு மணி நேரத்துல காரியம் முடிஞ்சிடும் போலிருக்கு" என்றான் சோடா. அவள் சிரிக்கவில்லை. அழுது அழுது வீங்கிய முகம் அது. தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

பட்டறையை ஆரம்பித்த பெரியவரின் மகள் அவள். பெரியவர் பக்கவாதத்தில் விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பேச்சு போய்விட்டது; ஒரு பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது. மூக்கு வழியே குழாய் விட்டு அதில்தான் பால் ஊற்ற வேண்டும். பீ, மூத்திரம் எல்லாம் படுக்கையில். இந்த வாரத் தொடக்கத்தில் அந்தக் குழாயில் யாரோ பாலுக்குப் பதிலாக ஃபார்மலினை ஊற்றிவிட்டார்கள். ஆயுள் முழுக்கத் தவளைக்கும் பாம்புக்கும் ஊற்றிய திரவமே அவர் வயிற்றுக்குள் போய் உயிரைக் குடித்திருந்தது.

போலீஸ் பிடித்துக்கொண்டு போனது அவர் மாப்பிள்ளையை. அவரைக் காட்டிக்கொடுத்த சாட்சி, இதோ நிற்கிற அவர் மனைவி.

"நான் பார்த்ததைத்தான் சொன்னேன்மா" என்றாள் அவள். "இன்ஸ்பெக்டர் கேட்டார், சொன்னேன். பொய் சொல்ல வாய் வரல. ஆனா அவர் செய்யல. அது எனக்குத் தெரியும்."

"கண்ணால பார்த்துட்டு, செய்யலன்னும் சொன்னா எப்படிம்மா?"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

வக்கீலம்மா மேசைக்கு முன்னால் கிடந்த முக்காலியைக் காட்டினார். "அன்னைக்கு இங்கதான் உட்கார்ந்திருந்தியா? ஆரம்பத்துல இருந்து சொல்லு. அவசரம் இல்ல."

அவள் சொன்னாள். அன்று காலை ஒரு ஜாடி மூடி உடைந்து கணவனின் இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இதே மேசையில் வைத்து அவள்தான் மருந்து போட்டு, வெள்ளைத் துணியால் மணிக்கட்டைத் தாண்டிக் கட்டு கட்டினாள். பிறகு அவர் பின்கட்டுத் தொட்டியில் ஜாடி கழுவப் போய்விட்டார். அப்பாவுக்குப் பால் ஊற்றுகிற நேரத்தில் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, அப்பாவின் அறையில் கட்டிலருகே ஆள் நின்றிருந்தது. ரப்பர் ஏப்ரன், தொப்பி, முகமூடி, கையுறை. அப்பாவைச் சுத்தம் செய்யப் போகும்போது அவள் கணவன் போட்டுக்கொள்வது அதுதான். அந்த அறை வாசலிலேயே மாட்டியிருக்கும்.

"முகம் தெரியல. ஆனா கையுறைக்கு மேல வெள்ளைக் கட்டு தெரிஞ்சுது. இடது கையில. குழாயைத் தூக்கிப் பிடிச்சு ஊத்திக்கிட்டிருந்தார். அவர்தானேன்னு நான் குனிஞ்சு வேலையைப் பார்த்தேன்." அவள் குரல் உடைந்தது. "அந்த நேரத்துல நான் ஒரு தவளைக்கு லேபிள் ஒட்டிக்கிட்டிருந்தேன்மா."

"இங்க இருந்து எப்படிப் பார்த்தே? நடுவுல சுவர் மாதிரி அலமாரி நிக்குதே."

"அது வழியாத்தான்."

படுத்தபடியே பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று பெரியவர் அசைகிற ஒரு கையை ஆட்டி அடம்பிடித்திருக்கிறார். மாப்பிள்ளை சுவரை இடித்து, இரு பக்கமும் திறந்த அலமாரி வைத்துக் கொடுத்திருக்கிறார். அதில் பானை பருமனில் உருளை ஜாடிகள், விரல் நுழைய இடம் இல்லாமல் நெருக்கமாக அடுக்கியிருந்தன. பாதி ஜாடிகளில் திரவம் பழுத்துப் போய் மஞ்சளாகிவிட்டது. நடுவில் ஒன்று மட்டும் புதிது. அடியில் ஒரு சின்னத் தவளை; அதற்கு மேல் பளிங்கு மாதிரி தெளிந்த திரவம். அந்த ஜாடிக்குள் பெரியவரின் அறை பக்கவாட்டில் ஒடுங்கி, முழுசாகத் தெரிந்தது.

வக்கீலம்மா முக்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தார். எழுந்து அலமாரி ஓரமாக இருந்த குறுகலான கதவு வழியே பெரியவரின் அறைக்குள் போனார். வெளியே வந்தார். மறுபடி உட்கார்ந்து பார்த்தார். மறுபடி உள்ளே போனார்.

"மேடம், உடற்பயிற்சின்னா திறந்த வெளியில செய்யணும்" என்றான் சோடா.

"ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சோடா முக்காலியில் உட்கார்ந்து ஜாடிக்குள் எட்டிப் பார்த்தான். "கட்டிலுக்கு இடது பக்கம்."

"இப்ப அந்தக் கதவுகிட்ட வந்து பாரு."

கதவருகே போய் நின்று பார்த்தான். ஜன்னல் கட்டிலுக்கு வலது பக்கம் இருந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். ஜன்னல் அசையவில்லை. அறையின் நாற்றம் மட்டும் முகத்தில் வந்து அறைந்தது. போலீஸ் யாரையும் எதையும் தொட விடாததால் அந்தப் படுக்கை விரிப்பு அப்படியே கிடந்தது. அதன் நடுவில் ஆள் படுத்த பள்ளம், அதைச் சுற்றிக் காய்ந்த கறை, கறையின் மேல் ஈ.

"கண்ணாடி பவர் கூடிடுச்சு போல மேடம்."

"உன் கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல. போய் உட்காரு. நான் உள்ள நின்னுக்கிட்டு ஒரு கையில கைக்குட்டையைக் கட்டிக்கிறேன். எந்தக் கைன்னு சொல்லு."

சோடா உட்கார்ந்தான். ஜாடிக்குள் வக்கீலம்மா ஒல்லியாக, விரல் அகலத்துக்கு, தவளையின் தலைமேல் நிற்கிற மாதிரி தெரிந்தார். கையைத் தூக்கினார்.

"இடது கை" என்று கத்தினான்.

அவர் வெளியே வந்தார். கைக்குட்டை வலது கையில் இருந்தது.

"வர்ற வழியில மாத்திட்டீங்க."

"சரி, நீ போய்க் கட்டிக்கோ. அவ பார்க்கட்டும்."

சோடா மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், இடது கையில் கைக்குட்டையைப் பல்லால் இழுத்து முடிந்து தூக்கிக் காட்டினான். அலமாரிக்கு அப்பாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "வலது கை... வலது கைதான் தெரியுது."

சோடா வெளியே வந்தபோது அவள் முக்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சோடா, உன் கண்ணாடி என்ன வேலை செய்யுது?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"என் அழகை மறைக்குது."

"வெளிச்சத்தை வளைக்குது. காத்துல நேராப் போய்க்கிட்டிருக்கற வெளிச்சம் கண்ணாடிக்குள்ளயோ தண்ணிக்குள்ளயோ சாய்வா நுழைஞ்சா அங்க திரும்புது. வெளிய வரும்போது இன்னொரு தடவை திரும்புது. இந்த ஜாடி தூண் மாதிரி உருளையா இருக்கு, உள்ள திரவம் நிறைஞ்சிருக்கு. அந்தப் பக்கத்துல தூரமா நிக்கற ஆளோட இடது கையில இருந்து வர்ற வெளிச்சமும், வலது கையில இருந்து வர்ற வெளிச்சமும் உள்ள வளைஞ்சு, ஒண்ணை ஒண்ணு குறுக்கே தாண்டி, இடம் மாறி வெளிய வருது. தலை தலையாத்தான் தெரியும், கால் காலாத்தான் தெரியும். இடதும் வலதும் மட்டும் மாறிடும்."

"தினமும் இது வழியாத்தான் அப்பாவைப் பார்ப்பேன்" என்றாள் அவள் மெதுவாக. "ஜாடிக்குள்ள எல்லாம் ஒரு மாதிரியாத்தான் தெரியும்னு விட்டுட்டேன். இடது வலதுன்னு ஒரு நாளும் யோசிச்சுப் பார்த்தது இல்லம்மா."

"யாருமே யோசிக்க மாட்டாங்க. இப்ப யோசி. உன் புருஷனுக்குக் கட்டு இடது கையில. அவர் அந்த அறையில நின்னிருந்தா, இங்க உட்கார்ந்திருக்கற உனக்கு எந்தக் கையில தெரிஞ்சிருக்கணும்?"

"வலது கையில."

"நீ பார்த்தது?"

"இடது கையில." அவள் சட்டென்று எழுந்தாள். முக்காலி உருண்டது. "அப்போ உள்ள நின்ன ஆளுக்குக் கட்டு வலது கையில இருந்திருக்கு. அது அவர் இல்ல. நான்தான் சொன்னேனேம்மா, அவர் இல்லன்னு."

"நீ அவரைப் பார்த்ததாவும் சொன்னே" என்றார் வக்கீலம்மா. குரலில் கடுமை இல்லை. ஆனாலும் அந்தப் பெண் அடிபட்டவள் மாதிரி மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

சோடா தலையைச் சொறிந்தான். "மேடம், ஒரு விஷயம் இடிக்குது. எவனோ ஒருத்தன் இவங்க வீட்டுக்காரர் மாதிரி வேஷம் போடுறான். ஏப்ரன் சரி, தொப்பி சரி. கட்டை மட்டும் கை மாத்திக் கட்டியிருக்கான். அவ்வளவு பெரிய மடையனா?"

"மடையன் இல்ல. அவன் பார்த்த மாதிரியேதான் கட்டியிருக்கான்."

"புரியல."

"காலையில இந்த மேசையில கட்டுப் போட்டது யாருக்கெல்லாம் தெரியும்மா?"

"எனக்கும் அவருக்கும்தான். வேற யார் இங்க வரப்போறாங்க?"

வக்கீலம்மா மேசைக்கு எதிர்ப்புறம் திரும்பினார். சோடாவும் திரும்பினான். கூடத்தின் மறு கோடியில் இன்னொரு அலமாரி. ஆபீஸ் அறைக்கும் பட்டறைக்கும் நடுவில், வருகிறவர்கள் பார்த்து மெச்சுவதற்காக நல்ல உருப்படிகளை மட்டும் அடுக்கி வைத்த அலமாரி. அதே உருளை ஜாடிகள், அதே நெருக்கம். ஆபீஸ் பக்கம் நெடி வராமல் கண்ணாடிக் கதவு வேறு. அதில் ஒரு ஜாடிக்குள், சுருண்ட பாம்புக்கு மேலே, மெலிந்து நீண்ட முகம் ஒன்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கின் மேல் வெள்ளைக் கைக்குட்டை.

சோடாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகம் விலகியது.

"அண்ணன்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

---

இன்ஸ்பெக்டர் வாயில் பல்குத்தும் குச்சியோடு வந்து சேர்ந்தார். கூடவே இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் மாப்பிள்ளை. நாற்பது வயது, கன்னம் ஒட்டிய முகம், இடது கையில் அழுக்கேறிய கட்டு. மனைவியைப் பார்த்தார். பார்வையில் கோபமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டிருக்க வேண்டும். அவள் சுவரோரம் ஒதுங்கினாள்.

"பொண்டாட்டியே புருஷனைக் காட்டிக்குடுத்திருக்கா. இதைவிட நல்ல சாட்சி எனக்கு எந்த ஜென்மத்துல கிடைக்கும்?" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க முகத்துக்காகக் கொண்டுவந்தேன் வக்கீலம்மா. சீக்கிரம் முடிங்க. இந்த நாத்தத்துல என்னால நிக்க முடியாது."

"உள்ள போய் உட்காருவோம். அங்க வாசனையா இருக்கும்."

வாசனையாகத்தான் இருந்தது. ஆபீஸ் அறையில் சோப்பு மணமும் ஏதோ செயற்கைப் பூ மணமும் போட்டிபோட்டுக்கொண்டு மூக்கை அடைத்தன. மேசைமேல் ஒரு தூசி இல்லை. அண்ணன்காரர் சலவை மடிப்புக் கலையாத சட்டையில், அவர்கள் உட்காரப்போகும் நாற்காலிகளைத் தானே துணியால் துடைத்துவிட்டார்.

"நாங்க எழுந்து போன பிறகும் துடைப்பீங்களா?" என்றான் சோடா.

"ஆமாம்" என்றார் அவர், கேலியே புரியாமல்.

வக்கீலம்மா சாவகாசமாக ஆரம்பித்தார். "அப்பாவை அடிக்கடி போய்ப் பார்ப்பீங்களா?"

"பின்னால ஒரு நடை இருக்கு. அந்தக் கதவுகிட்ட நின்னு பார்ப்பேன். உள்ள போறதில்ல."

"ஏன்?"

"உள்ள போய் என்ன செய்யறது? பேச்சு கிடையாது. வாயில எச்சில் ஒழுகிக்கிட்டே இருக்கும். படுக்கையில எப்பவும் ஏதாவது ஒரு அசிங்கம்." அவர் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார். "தங்கச்சியும் அந்த ஆளும் எப்படித்தான் தொட்டாங்களோ."

"அந்த ஆள்னா, உங்க மச்சானா?"

"மச்சானா? பொணவறையில பொணம் கழுவிக்கிட்டிருந்தவன். அதான் உத்தியோகம். கல்யாணத்துக்கே நான் போகல. அப்பா படுத்த பிறகு, பார்த்துக்க ஆள் இல்லன்னு இவ கூட்டிக்கிட்டு வந்துட்டா. இந்த நிமிஷம் வரைக்கும் அவனோட நேருக்கு நேர் நின்னது இல்ல. நடையில வந்தான்னா நான் கதவைச் சாத்திக்குவேன். அவன் மூச்சு பட்ட காத்துகூட எனக்கு ஆகாது."

"ஆனா கவனிச்சிருப்பீங்க."

"கவனிக்காம எப்படி? இங்க உட்கார்ந்தா அவன்தானே கண்ணுல விழறான்." அவர் அலமாரியைக் காட்டினார். "நாள் பூராவும் அறுத்துக்கிட்டும் கிழிச்சுக்கிட்டும்."

வக்கீலம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். இன்ஸ்பெக்டர் வெளியே குரல் கொடுத்தார். ஏற்கெனவே பேசிவைத்தபடி, போலீஸ்காரர் மாப்பிள்ளையின் விலங்கைக் கழற்றி முக்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு பிரஷ்ஷையும் காலி ஜாடியையும் கொடுத்தார். அவர் ஒன்றும் கேட்காமல் ஜாடியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"எந்தக் கையில பிரஷ் வெச்சிருக்கார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார் வக்கீலம்மா.

அண்ணன்காரர் இருந்த இடத்திலிருந்தே பாம்பு ஜாடிக்குள் பார்த்தார். "இடது கையில. அவன் இடது கைக்காரன். எல்லாம் அந்தக் கையாலதான். பார்க்கவே பிடிக்காது எனக்கு."

"கட்டு?"

"வலது கையில."

இன்ஸ்பெக்டரின் வாயில் இருந்த குச்சி நின்றது. விலங்கு மாட்டும்போது அந்தக் கட்டை அவரே எத்தனை தடவை பார்த்திருக்கிறார். எழுந்து போய் அண்ணன்காரரின் தோளுக்கு மேலாகக் குனிந்து ஜாடிக்குள் பார்த்தார். பிறகு அறைக்கு வெளியே தலையை நீட்டிப் பட்டறையைப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வக்கீலம்மா, இது என்ன கண்கட்டு வித்தையா?"

"வித்தையெல்லாம் ஒண்ணும் இல்ல. இவருக்கே காட்டறேன்." வக்கீலம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தார். பாம்பு ஜாடியை இரு கையாலும் அணைத்துத் தூக்கிக் கீழே வைத்தார். அலமாரியில் அந்த இடம் ஓட்டையாகத் திறந்துகொண்டது. "இப்ப பாருங்க சார். நடுவுல ஒண்ணும் இல்லாம, முதல் தடவையா நேருக்கு நேர் பாருங்க."

அண்ணன்காரர் பார்த்தார். அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் தலை நிமிர்ந்தார். பிரஷ் அவர் வலது கையில் இருந்தது. ஜாடியை அணைத்துப் பிடித்திருந்த இடது கையில் வெள்ளைக் கட்டு.

"உங்க தங்கச்சியும் ஜாடி வழியாத்தான் பார்த்தா" என்றார் வக்கீலம்மா. "கட்டு இடது கையில இருக்கறதாப் பார்த்தா. அப்போ உண்மையில உள்ள நின்னவன் அதை வலது கையில கட்டியிருந்தான். இவருக்குக் கட்டு வலது கையில இருக்குன்னு இந்த வீட்டுல நீங்க ஒருத்தர்தான் நம்பிக்கிட்டிருந்தீங்க. நேர்ல நின்னு ஒரு தடவை மூஞ்சியைப் பார்த்திருந்தாக்கூடச் சரியான கையில கட்டியிருப்பீங்க. இவங்க ரெண்டு பேரும் ஆயுசுக்கும் பிரிஞ்சு போயிருப்பாங்க."

திறந்த ஓட்டை வழியே பட்டறையின் நெடி ஆபீஸுக்குள் நுழைந்தது. ஃபார்மலினும், அதற்கு அடியில் பெரியவரின் படுக்கை நாற்றமும். அண்ணன்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். கண்ணில் நீர் கோத்தது. குமட்டல் உடம்பைக் குலுக்கியது.

"அதை மூடுங்க."

"மூடலாம். சொல்லுங்க."

"எத்தனை நாள் தாங்கறது?" அவர் யாரையும் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைத் துணியால் தேய்த்துக்கொண்டே பேசினார். "அந்தத் தொண்டைச் சத்தம். கொழகொழன்னு. சுவரைத் தாண்டிக் கேட்கும். சாப்பாட்டுல கை வெச்சா அந்தச் சத்தம் ஞாபகம் வரும். அது என் அப்பா இல்ல. அப்பா எவ்வளவு சுத்தமா இருப்பார் தெரியுமா? அழுகிப் போற எதையும் அவருக்குப் பிடிக்காது. அவரே அழுகிக்கிட்டுக் கிடந்தார்."

"அதனால ஃபார்மலினை ஊத்தினீங்க."

"அது சுத்தமான சாமான். கிருமி அண்டாது." ஏதோ நியாயத்தை எடுத்துச் சொல்கிற மாதிரி இருந்தது அவர் தொனி. "நான் அவரைத் தொடக்கூட இல்ல. கையுறை போட்டிருந்தேன்."

இன்ஸ்பெக்டர் குச்சியைத் துப்பினார்.

"அவர் முழிச்சிருந்தாரா?" என்று கேட்டார் வக்கீலம்மா. கேட்டிருக்க வேண்டாம் என்று சோடா நினைத்தான்.

"முழிச்சுத்தான் இருந்தார். ஏப்ரனைப் பார்த்து அவன்தான்னு நினைச்சிருப்பார் போல. சிரிச்சார்." அண்ணன்காரரின் முகம் சுருங்கியது. இப்போதும் அந்த நினைப்பு அவருக்கு அருவருப்பைத்தான் தந்தது. "ஒரு பக்க வாயால. எச்சில் வழிஞ்சுது."

காலையிலிருந்து சோடா அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் தொண்டைக்கு வந்தது. வெளியே ஓடினான். தவளைகளையும் பாம்புகளையும் தாண்டி, பின்கட்டுத் தொட்டியோரம் போய்க் குனிந்து, குடல் வெளியே வந்துவிடும் போல எடுத்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது வக்கீலம்மா பக்கத்தில் நின்றிருந்தார். அவரும் குழாயைத் திறந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"நீங்க ஜாடியைத்தானே தொட்டீங்க மேடம்."

"அதுக்கு முன்னால அந்த ஆளுக்குக் கை குடுத்தேன்."

வாசலில் போலீஸ் ஜீப்பின் பின்கதவு திறந்தது. அண்ணன்காரர் இருக்கையைப் பார்த்தார், ஏறாமல் நின்றார். துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். முந்தைய நாள் அதில் ஒரு குடிகாரனை ஏற்றி வந்ததாகவும், அவன் செய்து வைத்ததைக் கழுவ இன்னும் நேரம் கிடைக்கவில்லை என்றும் போலீஸ்காரர் மரியாதையாகச் சொல்லி, முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். வேறு நாளாக இருந்தால் சோடா இதற்கு நாலு வசனமாவது பேசியிருப்பான்.

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையிடம் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பு நடந்து போச்சு. எழுத்து வேலை கொஞ்சம் இருக்கு, அதை நான் பார்த்துக்கறேன். நீங்க வீட்டுலயே இருக்கலாம்."

"மாமாவோட உடம்பு எங்க இருக்கு சார்?"

வந்ததிலிருந்து அந்த மனிதர் பேசி சோடா கேட்ட முதல் வார்த்தை அது.

"ஆஸ்பத்திரி பொணவறையில. பரிசோதனை முடிஞ்சிடுச்சு. எப்ப வேணும்னாலும் வாங்கிக்கலாம்."

"குளிப்பாட்டினாங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா."

"பண்ணியிருக்க மாட்டாங்க. அப்படியே சுத்திக் குடுத்துடுவாங்க. எனக்குத் தெரியும், நான் அங்க இருந்தவன்தானே." அவர் பின்கட்டுக்குப் போய் இரண்டு வாளிகளையும், கொடியில் காய்ந்த துண்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். "புது ஆள் தொட்டா மாமாவுக்கு ரொம்பக் கூச்சம். துணி மாத்தும்போது கண்ணை மூடிக்குவார். நான் பேச்சுக் குடுத்துக்கிட்டே செய்வேன், அப்புறம்தான் திறப்பார்."

அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். இவ்வளவு நேரமும் அவர் பக்கத்தில் வர அவளுக்குக் கால் எழவில்லை. அவர் அவளைக் கடந்து படியிறங்கினார்.

"நானும் வரட்டுமா?" என்றாள். கேட்டதா இல்லையா என்று தெரியாத குரல்.

அவர் நின்றார். திரும்பிப் பார்க்காமல் சற்று நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா எங்கோ பார்த்தார். சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். அது அழுக்காகவே இல்லை.

"அங்க குழாய் கீழ்மாடியில இருக்கு. தண்ணி மேல தூக்கிக்கிட்டு வரணும்" என்றார் மாப்பிள்ளை கடைசியில். ஒரு வாளியைக் கீழே வைத்தார். "எடுத்துக்கிட்டு வா."